வெயிலில் நிறம் மாறாத இரண்டு

மெர்சர்ஸ் லேண்டிங், ஒஹாயோ
மார்ச் 4, 1973

அன்புள்ள கோரா,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தது தெரிந்து நிம்மதி. முழங்கால் வீக்கம் வடிந்ததா? இங்கே நான் சுகம். உன் அத்தான் லெஸ்டருக்கு மட்டும் இருமல் விடமாட்டேன் என்கிறது.

அம்மாவை அடக்கம் செய்த அன்று நடந்ததை யாரிடமாவது சொன்னால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். நீ மாடியில் படுத்திருந்தாய், பார்க்கவில்லை. கல்லறையிலிருந்து வந்த கூட்டம் கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் கண்ணாடி அலமாரியைச் சுற்றி நின்றுகொண்டது. எல்லாம் பழங்கண்ணாடிச் சங்கத்துக்காரர்கள். ஆளுக்கொரு கிண்ணத்தை எடுத்து நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார்கள். ஈயம் கலந்த கண்ணாடிதான் சுண்டினால் மணிபோல் ஒலிக்கும். அம்மாவுடையது சுண்ணாம்புக் கண்ணாடி. கட்டையைத் தட்டினாற்போல் 'டொக்' என்றுதான் சொல்லும். அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் கை சும்மா இருக்கவில்லை. வீடு முழுக்க டொக், டொக், டொக். சங்கத் தலைவி ஹெஸ்டர் டன்லப், உருளைக்கிழங்கு சாலட்டோடு இருந்த தட்டையே தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள். சாலட் மணிக்கட்டில் வழிந்தது. அதை நக்கிக்கொண்டே, "ஏம்மா வெர்னா, செட்டு முழுசா இருக்கா?" என்று கேட்டாள். அம்மா மேல் போட்ட மண் இன்னும் ஈரமாக இருந்தது.

ஆனாலும் அவள் கேட்டதற்குச் சம்மதித்துவிட்டேன். நவம்பரில் சங்கத்தின் கண்காட்சி. அப்போது ஊர் நூலகத்தில் நிரந்தரமாக ஒரு பேழை வைக்கிறார்கள். அதில் வேலியில் கொடி படர்ந்த வேலைப்பாடுள்ள அம்மாவின் 'வேலிக்கொடி' கண்ணாடிச் செட்டு. கீழே பித்தளைத் தகட்டில் அம்மாவின் பெயர். ஊரார் துணியை வெளுத்து வெளுத்து அம்மா ஒவ்வொன்றாகச் சேர்த்தது அது. இந்த ஊரில் அவள் பெயரை யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை. இனி இருக்கும். ஆனால் செட்டு முழுசாக இருந்தால்தான் பேழை. நீ பெட்டியில் சுற்றி எடுத்துப்போன ஆறு கண்ணாடிகளையும் செப்டம்பருக்குள் அனுப்பிவிடு.

லெஸ்டர் உன்னை விசாரித்தார். சங்கத்துக்கு இப்போது அவர்தான் துணைத்தலைவர். தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் நடக்கிறார்.

உன் அக்கா,
வெர்னா


சால்ட் வெல்ஸ், அரிசோனா
ஏப்ரல் 11, 1973

அன்புள்ள அக்கா,

முழங்கால் பரவாயில்லை. நாளெல்லாம் உணவகத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிற வேலை. வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். அத்தானுக்கு வெங்காயச்சாற்றில் தேன் கலந்து கொடு. அம்மா நமக்குக் கொடுப்பாளே, அதுதான்.

கண்ணாடிகள் பத்திரம். இங்கே ஈரமே கிடையாது, நல்ல காற்று, நல்ல வெயில். நேற்று அம்மாவின் கிண்ணத்தில் பீச் பழத்தை நறுக்கிப்போட்டு வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அக்கா, உன்னிடம் அந்த வீடே இருக்கிறது. கதவைத் திறந்தால் அம்மா வாசனை. என்னிடம் ஒரு இழுவை வண்டி வீடும் ஆறு கண்ணாடியும்தான். கோடை முடிகிறவரை என்னிடமே இருக்கட்டுமே.

பக்கத்து வண்டி வீட்டு டோலோரஸ் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி, இதை வச்சுக்கிட்டா நீ எச்சித்தட்டு கழுவுற?" என்றாள். நெடுஞ்சாலை ஓரத்தில் கடை போட்டிருக்கிறாள். என்ன விற்கிறாள் என்று கேட்காதே, நீ முகத்தைச் சுளிப்பாய்.

முத்தங்களுடன்,
கோரா


மெர்சர்ஸ் லேண்டிங்
மே 2, 1973

அன்புள்ள கோரா,

லெஸ்டரின் இருமல் நின்றுவிட்டது. உன் வெங்காயச்சாறுதான் காரணம் என்று எழுதச் சொன்னார். எனக்குத் திருத்த வேண்டிய தேர்வுத்தாள்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

கேட்காதே என்கிறாய். கேட்கிறேன். டோலோரஸ் என்ன விற்கிறாள்?

நீ இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தச் செட்டைச் செய்த கண்ணாடி ஆலையில் தாத்தா நெம்புகோல் பிடித்தவர். உருகிய கண்ணாடியை ஒருவர் கம்பி நுனியில் சுருட்டி வந்து இரும்பு அச்சின்மேல் தொங்கவிடுவார். தாத்தா கத்தரியால் வெட்டி அச்சுக்குள் விழச்செய்வார். அளவெல்லாம் கண்தான். கூடினால் விளிம்பு தடித்துப்போகும், குறைந்தால் கொடியின் நுனி இலை விழாது. பிறகு நெம்புகோலை ஒரே இழுப்பு. அந்த ஆலை எரிந்தபோது அம்மா பிறந்திருக்கவே இல்லை. தன் அப்பா கைபட்டது என்பதற்காகத்தான் அவள் அதைத் தேடித்தேடி வாங்கினாள்.

அச்சுகள் தீயில் பிழைத்துவிட்டன. ஆற்றின் மேற்பக்கத்து ஆலை ஒன்று அவற்றை வாங்கி வைத்திருந்து, பத்து வருடம் முன்பு பரிசுக்கடைகளுக்காக மறுபடி அழுத்தித் தள்ளியது. அதே வேலி, அதே கொடி, மூன்றாவது கம்பத்தில் குமிழ் இல்லாத அதே குறை. தொட்டால் கையில் எண்ணெய் ஒட்டினமாதிரி வழுக்கும் சரக்கு. சங்கத்திலேயே சிலர் அதில் ஏமாந்திருக்கிறார்கள். என்னிடம் அது நடக்காது. வாசலில் நின்றே சொல்லிவிடுவேன் எது பழசு, எது புதுசு என்று.

அம்மாவின் கடைசிக் குளிர்காலத்தை நீ பார்க்கவில்லை. கண் மங்கிவிட்டது, புத்தியும் கூடவே போய்விட்டது. கிண்ணத்தைத் தடவித்தடவி, "பிசுபிசுன்னு இருக்கு. இது என்னோடது இல்ல. யார் வீட்டுதையோ கொண்டாந்து வச்சிருக்கீங்க" என்பாள். நான் சோடாப்பு போட்டுக் கழுவிக் கொடுப்பேன். மறுநாளும் அதே பாட்டு. லெஸ்டர்தான் பொறுமைசாலி. "சரிம்மா, உங்களோடத நாளைக்குத் தேடித் தரேன்" என்பார். டாக்டரிடம் சொல்லித் தூக்க மாத்திரையைக் கூட்டி வாங்கி வந்ததும் அவர்தான். அப்புறம் அம்மா பேசவில்லை, தூங்கினாள்.

இதையெல்லாம்விட அருவருப்பு, கரண்டிகளை நிறுத்தி வைக்கிற குவளை இருக்கிறதே, அதில் பல்செட்டைப் போட்டு வைத்துக்கொண்டாள். தாத்தா செய்த குவளையில்! யார் கிட்டே போனாலும் கத்துவாள். இப்போது அடியில் படிந்துபோன வெள்ளைக் கறையை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மோந்து பார்த்தால் இன்னும் புதினாவும் வாயும் கலந்து நாறுகிறது.

பதில் எழுது.

வெர்னா


மெர்சர்ஸ் லேண்டிங்
ஜூலை 9, 1973

கோரா,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. முழங்காலா, வேலை போய்விட்டதா, என்னவென்று நினைப்பது? நாங்கள் இருவரும் நலம். லெஸ்டர் பேழைக்கு உள்ளே போடப் பச்சை வெல்வெட் வாங்கியிருக்கிறார். தகடும் அடித்து வந்துவிட்டது. அம்மாவின் முழுப்பெயர் அழகாக விழுந்திருக்கிறது.

நீ 'நல்ல வெயில்' என்று எழுதியிருந்தாய். அதை அப்போது கவனிக்காமல் விட்டேன். கண்ணாடிகளுக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?

வெர்னா


சால்ட் வெல்ஸ்
ஜூலை 28, 1973

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படிக்குமுன் உட்கார்ந்துகொள்.

டோலோரஸ் ஊதாக் கண்ணாடி விற்கிறாள். இந்தப் பக்கம் எல்லார் வீட்டுக் கூரையிலும் கண்ணாடிதான். பழைய புட்டி, பழைய கிண்ணம், எது கிடைத்தாலும் மேலே வைத்துவிடுவார்கள். பாலைவன வெயில் அதை ஊதாவாக்கிவிடும். சுற்றுலாக்காரர்கள் அடித்துக்கொண்டு வாங்குவார்கள். விற்கத்தான் நான் வைத்தேன் என்று நினைக்காதே. சாயங்கால வெயிலில் அவள் ஜன்னலைப் பார்த்தேன், அக்கா. ஊதாப்பூ பூத்தமாதிரி இருந்தது. அம்மா ஆயுசு முழுக்க வெள்ளைத் துணியையே பார்த்தவள். அவள் சாமானுக்கு ஒரு நிறம் வரட்டுமே என்று தோன்றியது. மார்ச்சிலேயே ஆறையும் மேலே ஏற்றிவிட்டேன். பீச் சாப்பிட ஒன்றை இறக்கினேன், திரும்ப வைத்தேன்.

நாலு நல்ல ஊதா. இன்னும் அடர்த்தியாகும் என்கிறாள். ஆனால் வெண்ணெய்க் கிண்ணமும் சர்க்கரைக் கிண்ணமும் தண்ணீர்மாதிரி அப்படியே இருக்கின்றன. அந்த மூலையில் நிழல் விழுகிறதோ என்னவோ.

திட்டாமல் பதில் எழுது. திட்டினாலும் எழுது.

கோரா


மெர்சர்ஸ் லேண்டிங்
ஆகஸ்ட் 5, 1973

கோரா,

உன் கடிதத்தைப் படித்ததும் போய்க் கை கழுவினேன். ஏன் என்று தெரியவில்லை, கழுவத் தோன்றியது.

ஊதாப்பூவா? அது கதவில் நசுங்கிய விரல் நகத்தின் நிறம். குழந்தைகளுக்குக் கொடுக்கிற திராட்சை இருமல் மருந்தின் நிறம். பெட்ரோல் கடையில், எலும்புச் சாவிக்கொத்துக்கும் பிளாஸ்டிக் தேளுக்கும் நடுவில் அதை வைத்து விற்பார்கள். பார்த்திருக்கிறேன். நீ அம்மாவின் சாமானை எடுத்துப்போய் ரோட்டோரக் கிழவிக்கு உதட்டுச்சாயம் பூசுகிறமாதிரி பூசிவிட்டு, நிறம் வரட்டும் என்று தோன்றியது என்று எழுதுகிறாய். உனக்கு எப்போதும் ஏதாவது தோன்றும்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். மணலில் இரும்பு இருக்கும், அதனால் கண்ணாடி பச்சையடிக்கும். அந்தப் பச்சையைக் கொல்ல அந்தக் காலத்தில் மாங்கனீசு போட்டார்கள். வெயிலில் போட்டால் அந்த மாங்கனீசு ஊதாவாகும். தாத்தா காலத்துக் கண்ணாடி என்றால் மாறியே தீரும். முதல் உலகப் போருக்குப் பிறகு மாங்கனீசு போடுவதை விட்டுவிட்டார்கள், அதனால் பிற்காலத்துச் சரக்கு எத்தனை வருடம் காய்ந்தாலும் மாறாது. இதை நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். ஊதாவானதைச் சங்கம் கையால் தொடாது. அவர்களைப் பொறுத்தவரை அது செத்த கண்ணாடி.

இன்றே எல்லாவற்றையும் கீழே இறக்கு. நீ செய்ததை லெஸ்டரிடம் எப்படிச் சொல்வேன்? மனிதர் வெல்வெட்டை ஆணியடித்துக்கொண்டிருக்கிறார். அவர் நலம். நான் நலமில்லை.

வெர்னா


சால்ட் வெல்ஸ்
செப்டம்பர் 3, 1973

அக்கா,

உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? அத்தான் எப்படி இருக்கிறார்?

உன் கடிதத்தை ஒரு வாரம் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். இனி உனக்கு எழுதுவதில்லை என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு நாள் எடுத்து மறுபடி படித்தேன். திட்டுகளைத் தாண்டி உன் பாடத்துக்கு வந்தேன். டீச்சர், எனக்கு ஒரு சந்தேகம்.

நீ சொன்ன அன்றே நாலை இறக்கிவிட்டேன். அந்த இரண்டை மட்டும் இறக்கவில்லை. நிழலே விழாத இடத்துக்கு மாற்றி வைத்தேன். ஆகஸ்ட் மாத வெயில், அக்கா. கூரைத் தகட்டில் கை வைத்தால் தோல் உரியும். பக்கத்தில் டோலோரஸின் மருந்துப் புட்டி கத்தரிப்பூவாக மாறிவிட்டது. இவை இரண்டும் மாறவே இல்லை.

நீயே எழுதியிருக்கிறாய். தாத்தா காலத்தது என்றால் மாறியே தீரும், பிற்காலத்துச் சரக்கு மாறாது. அப்படியானால் இந்த இரண்டும் தாத்தா செய்தவை இல்லையே? அம்மா எல்லாவற்றையும் முப்பதுகளிலேயே வாங்கி முடித்துவிட்டாளே. பரிசுக்கடைச் சரக்கு அம்மா அலமாரிக்குள் எப்படி வந்தது?

அந்த இரண்டையும், ஊதாவில் ஒன்றையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தொட்டுப் பார். எனக்குக் கையில் வித்தியாசம் தெரிகிறது. நானே கற்பனை செய்கிறேனோ என்னவோ.

கோரா


மெர்சர்ஸ் லேண்டிங்
செப்டம்பர் 20, 1973

அன்புள்ள கோரா,

பார்சல் உடையாமல் வந்தது.

நீ இரண்டு வருடம் முன்பு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அம்மா கிண்ணங்களைப் பற்றி உன்னிடம் ஏதாவது சொன்னாளா? சொன்னதை அப்படியே எழுது. நீ அழகுபடுத்த வேண்டாம்.

வீட்டுக்குத் தொலைபேசி செய்யாதே. பள்ளி முகவரிக்கு எழுது.

முழங்காலைக் கவனித்துக்கொள். உன்னைத் திட்டியதை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வெர்னா


சால்ட் வெல்ஸ்
அக்டோபர் 1, 1973

அன்புள்ள அக்கா,

முன்பெல்லாம் அத்தானின் இருமலுக்கே அரைப்பக்கம் ஒதுக்குவாய். இந்தத் தடவை அவர் பெயரே இல்லை. பள்ளிக்கு எழுதச் சொல்கிறாய். பயமாக இருக்கிறது. பயந்துபோய், நீ வேண்டாம் என்று சொல்லியும் கூப்பிட்டேன். அத்தான்தான் எடுத்தார். "உங்க அக்கா தூங்குறா. அந்தக் கண்ணாடிங்கள அனுப்பி வைச்சிட்டியா இல்லையா?" என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்கு நீ என்றைக்குத் தூங்கியிருக்கிறாய்?

அந்தக் கிறிஸ்துமஸ். நீ சமையலறையில் ஹாம் வெட்டிக்கொண்டிருந்தாய். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "உங்க அத்தான் கழுவுறேன்னு எடுத்துட்டுப் போறான்டி. திரும்பி வர்றப்ப ஒண்ணு மாறிடுது" என்றாள். அத்தான் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "ஆமாம்மா, எங்க வீட்ல கண்ணாடி குட்டி போடுது. பெத்தது ஒண்ணு, பிறந்தது ஒண்ணு" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அம்மா என் கையை விட்டுவிட்டாள்.

அழகுபடுத்தவில்லை, அக்கா. இவ்வளவுதான்.

கோரா


மெர்சர்ஸ் லேண்டிங்
அக்டோபர் 14, 1973

அன்புள்ள கோரா,

நீ ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய், பதில் சொல்கிறேன். லெஸ்டர் நலமாக இருக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான், படுத்ததும் குறட்டை விடுகிறான், எடைகூடக் கொஞ்சம் போட்டிருக்கிறான். அவன் இவ்வளவு நலமாக இருப்பதுதான் எனக்குக் குமட்டுகிறது.

பள்ளியில் கனிமக் கற்களைப் பிள்ளைகளுக்குக் காட்டப் புறஊதா ஒளி வீசும் ஒரு கருவிளக்கு இருக்கிறது. மாங்கனீசு உள்ள கண்ணாடி அதன் கீழே குளத்துப்பாசிபோல மங்கலாகப் பச்சை காட்டும். வகுப்பு முடிந்ததும் வீட்டிலிருந்த செட்டைக் காரில் ஏற்றிப்போய் அறிவியல் அறையை ஒட்டிய இருட்டுச் சாமான் அறைக்குள் ஒவ்வொன்றாக விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். தட்டு, இருட்டு. பழக்கிண்ணம், இருட்டு. பால் குவளை, இருட்டு. எல்லாமே இருட்டு. கடைசியில் ஒன்றே ஒன்று பச்சை காட்டியது. அம்மா பல்செட்டைப் போட்டு வைத்த கரண்டிக் குவளை. அதைத் தொடத்தான் அவனுக்கும் அருவருப்பாக இருந்திருக்கிறது. அம்மாவுக்கு அது தெரிந்திருந்ததா? கோரா, அவள் அதைத் தெரிந்தேதான் செய்தாளா? அந்தச் சாமான் அறைக்குள் உட்கார்ந்து எத்தனை நேரம் யோசித்தேன் என்று தெரியாது. காவலாளி வந்து கதவைத் தட்டினான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவன் ஆப்பிள் பை பலகாரத்துக்கு மேல் ஐஸ்கிரீம் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மாவோட கண்ணாடிங்க எங்க?"

"பேழைல வைக்கத்தானே கட்டி வச்சிருக்கேன்."

"தாத்தா செஞ்சது எங்க?"

கரண்டியை நக்கிவிட்டுக் கீழே வைத்தான். மறுக்கவில்லை. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மறுப்பான் என்று எதிர்பார்த்து, அதற்கான பதில்களை எல்லாம் வழியெல்லாம் தயார் செய்து வந்திருந்தேன்.

"வெளியூர் கண்காட்சில ஒண்ணொண்ணா போச்சு. அது அலமாரில சும்மா தூங்கிட்டிருந்துச்சு வெர்னா. அவங்களுக்குக் கண்ணும் தெரியல. தினம் நீ பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிட்டுப் போறியே புது கார், அது வானத்துலேர்ந்தா விழுந்துச்சு?"

"அம்மா சொன்னாங்க. ஒவ்வொரு நாளும் சொன்னாங்க. நீ அவங்களுக்கு மாத்திரை குடுத்த."

"கத்திட்டே இருந்தாங்க. நீயும்தான் 'அப்பாடா தூங்கிட்டாங்க'ன்ன." பிறகு சிரித்தான். "வாசல்ல நின்னே கண்டுபிடிப்பேன்னு ஊரெல்லாம் சொல்லுவியே. ரெண்டு வருஷம் உன் கையாலதான் அதைக் கழுவின. உனக்குத் தெரிஞ்சுதா?"

இல்லை. தெரியவில்லை. வழுக்கியது. வழுக்குகிறதே என்று இன்னும் கொஞ்சம் சோடாப்பு போட்டேன்.

அம்மாவுக்குப் புத்தி கலங்கவில்லை, கோரா. மங்கிய கண்ணோடு, விரல் நுனியால் மட்டும், இந்தச் சங்கம் முழுக்கச் சேர்ந்தாலும் பார்க்க முடியாததைப் பார்த்தாள். அந்த வீட்டில் தெளிவாக இருந்த ஒரே ஆளை நாங்கள் தூங்க வைத்தோம்.

மிச்சமுள்ள மூன்று ஊதாவையும் உடனே அனுப்பு. பேழையில் அவற்றை வைக்கப் போகிறேன். கெட்டாலும் அவைதான் அவளுடையவை. காரை விட்டுவிட்டேன், நடந்துதான் பள்ளிக்குப் போகிறேன். நானும் இப்போது மாடி அறையில் படுக்கிறேன். வேறு உடம்புக்கு ஒன்றுமில்லை.

வெர்னா


மெர்சர்ஸ் லேண்டிங்
நவம்பர் 12, 1973

அன்புள்ள கோரா,

இந்தக் கடிதம் உனக்கு வந்த இரண்டொரு நாளில் நானும் பேருந்தில் வந்துவிடுவேன். முழங்காலோடு நிலையத்துக்கு வந்து நிற்காதே, வழி கேட்டுக்கொண்டு வருகிறேன். ஆனாலும் நடந்ததை எழுதிவிடுகிறேன். வாயால் சொன்னால் சத்தம் போட்டுவிடுவேன்.

கண்காட்சிக்கு முதல்நாள் ஹெஸ்டர் டன்லப் வீட்டுக்குப் போனேன். உன் ஊதா நாலும் கரண்டிக் குவளையும் கூடையில். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பழக்கத்தில் ஊதாவை எடுத்துச் சுண்டினாள், டொக் என்றது. விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"ஐயோ பாவம், நல்ல சாமான். இப்படிப் பொசுக்கிட்டாளே உன் தங்கச்சி. இதைப் பேழைல வச்சா பிட்ஸ்பர்க்லேர்ந்து கண்காட்சிக்கு வர்றவங்க சிரிப்பாங்கம்மா."

"இதுதான் நிஜம் ஹெஸ்டர். அங்க இருக்கறது பரிசுக்கடைச் சரக்கு."

"அழைப்பிதழ் போயாச்சு. மேயர் வராரு. கண்ணாடிக்குப் பின்னால, வெல்வெட்டு மேல, லைட்டப் போட்டா யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது? தெரிஞ்சது நம்ம மூணு பேருக்கு. லெஸ்டர் நல்ல மனுஷன், சங்கத்துக்கு எவ்வளவு உழைச்சிருக்காரு. குடும்ப விஷயத்தை வீட்டுக்குள்ள வச்சுக்க." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "பழசெல்லாம் யார்கிட்ட வித்தாராம்? பால் குவளை எங்க இருக்குன்னு மட்டும் தெரிஞ்சா சொல்லும்மா."

அம்மாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் நூலகத்தில் கூட்டம். பழரசம், கேக், மேயர். வெல்வெட்டின்மேல் அந்தச் சரக்கு பளபளவென்று இளித்துக்கொண்டிருந்தது. லெஸ்டர் புது கோட்டில் நின்று, மாமியாரின் ரசனையைப் பற்றிப் பேசினான். குரல் தழுதழுத்தது. அது நடிப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் அவன் உண்மையிலேயே உருகினான். ஒரு பெண் என் தோளைத் தட்டி, "உங்க அம்மா இதப் பாக்காமப் போயிட்டாங்களே" என்றாள்.

கேக் மேசைக்குப் போய் வெண்ணெய்க் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டேன். பேழைக்கு முன்னால் மண்டியிட்டுத் தகட்டின் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தேன். முதலில் துடைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டாவது கழன்றபோது பேச்சு நின்றுபோனது.

"வெர்னா, என்ன இது? அது சங்கத்துச் சொத்தும்மா" என்றாள் ஹெஸ்டர்.

"கண்ணாடிய நீங்களே வச்சுக்குங்க. அதெல்லாம் ஆத்துக்கு மேல இருக்கற ஆலைல பத்து வருஷம் முன்னாடி அடிச்சது. எங்க அம்மா அப்பவே சொன்னாங்க. பேரு எங்க அம்மாவோடது. இதுக்குக் கீழ இருக்கக் கூடாது."

லெஸ்டர், "அவளுக்கு உடம்பு சரியில்ல, அம்மா போனதுலேர்ந்து இப்படித்தான்" என்று மேயரிடம் சொல்லிக்கொண்டே என் முழங்கையைப் பிடித்தான். டாக்டரிடம் அம்மாவுக்காகப் பேசிய அதே குரல், அதே கனிவு. அடுத்தது எனக்குத்தான் மாத்திரை என்று புரிந்தது. கையை உதறிவிட்டு, தகட்டைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் பின்னால் வரவில்லை. கொஞ்ச தூரம் போனபின் உள்ளே மறுபடி பேச்சும் கரண்டிச் சத்தமும் ஆரம்பித்தது கேட்டது.

இன்று காலை பயணச்சீட்டு வாங்கப் போகும் வழியில் நூலகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். தகடு இருந்த இடம் காலியாக இருந்தால் அசிங்கம் என்று அதற்குள் வேறு தகடு அடித்து மாட்டிவிட்டார்கள். 'வேலிக்கொடி செட்டு. லெஸ்டர் ஸ்ட்ராப் அவர்களின் கொடை.' பித்தளை பளிச்சென்று இருந்தது. நான் அதன் முன்னால் நின்று, வயிறு குலுங்கச் சிரித்தேன். அருவருப்பு தாங்காமல்தான் சிரித்தேன், ஆனாலும் சிரித்தேன். அந்தச் சரக்கு அம்மாவுடையது இல்லை, லெஸ்டர் கொண்டுவந்து வைத்தது என்று அத்தனை பேர் கூடி மறைத்த விஷயத்தை அவர்களே எழுத்தில் வெட்டி, திருகாணி போட்டு இறுக்கி, மேலே விளக்கும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

உன் அக்கா,
வெர்னா